ஏஐ கையில் கொடுக்கும் டைரக்டரி தேடும் கருவிக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கம்பெனியின் உள் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: கோபஸ்டர் என்ற தேடும் கருவியைச் சுற்றி ஒரு சின்ன எம்சிபி சர்வர் எழுதி ஏஐ உதவியாளரோடு இணைத்தாகிவிட்டது, வேலையும் செய்கிறது, இப்போது மேலாளர் ஆவணம் கேட்கிறார். கருவியின் ஹெல்ப் பக்கத்தை எடுத்து ஒட்டினால் போதாதா? அனுமதி, எல்லை எல்லாம் கருவியின் விளக்கத்திலேயே எழுத வேண்டுமா? முடிவுகளைப் பற்றி என்ன எழுதுவது?

ஒட்டினால் போதாது தம்பி. கோலாலம்பூரில் நானும் இதே வேலைதான் பார்க்கிறேன், ஒட்டப்பட்ட விளக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றை வைத்துக்கொண்டு ஏஐ என்னென்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. ஒரு வேர்ட்லிஸ்டை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் இணையத்தள முகவரியின் பின்னால் சேர்த்து, "இது இருக்கிறதா, இது இருக்கிறதா" என்று சர்வரிடம் கேட்டுக்கொண்டே போவதுதான் டைரக்டரி எனுமரேஷன். எங்கிருந்தும் லிங்க் இல்லாத அட்மின் பக்கம், யாரோ மறந்துவிட்டுப் போன பேக்கப் ஜிப், மூலநிரலின் வரலாறு இருக்கும் டாட் கிட் ஃபோல்டர் இதெல்லாம் இப்படித்தான் அகப்படும். ஓவாஸ்ப் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பின் டர்பஸ்டர் ஜாவாவில் ஓடிய காலத்திலிருந்து வேலை மாறவில்லை, கருவிகள்தான் மாறின: கோ மொழியில் கோபஸ்டரும் ஃபஃப்பும், ரஸ்டில் ஃபெராக்ஸ்பஸ்டர், பைத்தானில் டர்சர்ச். எம்சிபி என்பது ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட நெறிமுறை. கருவிக்கு ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு என்று ஒரு ஜேசன் ஸ்கீமா, இவற்றைப் படித்துத்தான் ஏஐ அந்தக் கருவியை எப்போது, எப்படிக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறது.

ஹெல்ப் பக்கத்தைப் படிக்கும் மனிதனுக்கு மற்றதெல்லாம் தலையில் இருக்கும். இது யாருடைய சர்வர், போன வாரம் வேகமாக ஓட்டியதற்கு அந்த டீம் என்ன திட்டியது, மதியம் அந்தத் தளத்தில் எவ்வளவு கூட்டம் என்று எல்லாமே தெரிந்துதான் அவன் கட்டளையைத் தட்டுகிறான். சந்தேகம் வந்தால் கை நின்றுவிடும். ஏஐக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும். நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தை அது தன் பழைய படிப்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும், அதுவும் தயங்காமல். ஆகவே ஆவணம் எழுத உட்காரும்போது "இந்த ஃபிளாக் (கட்டளையோடு சேர்க்கும் தேர்வு) என்ன செய்யும்" என்று தொடங்காதீர்கள். "இதை நான் சொல்லாவிட்டால் அது என்ன ஊகிக்கும்" என்று தொடங்குங்கள். நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு கேள்வியின் கிளைகள்தான்.

பழைய படிப்பு என்று சொன்னேனே, கோபஸ்டரில் அது உடனே தெரியும். பழைய இரண்டாம் பதிப்பில் எம் ஃபிளாக்கைப் போட்டு, பக்கத்தில் டிர் என்று எழுதி மோடைத் தேர்ந்தெடுப்போம். மூன்றாம் பதிப்பிலிருந்து டிர் என்பது துணைக் கட்டளையாகிவிட்டது, அதே எம் ஃபிளாக் எச்டிடிபி மெத்தடை, அதாவது கெட், போஸ்ட் போன்ற கோரிக்கை வகையைக் குறிக்கிறது. இணையத்தில் கிடக்கும் பயிற்சிக் கட்டுரைகளில் பல பழைய வடிவம், ஏஐ மாடலும் அதைப் படித்துத்தான் வளர்ந்திருக்கிறது. அதேபோல எஸ் ஃபிளாக். சர்வர் திருப்பும் நிலைக் குறியீடுகளில் 200 (கிடைத்தது), 301 (இடம் மாறியது) மட்டும் காட்டு என்று அதைக் கொடுத்தால், 404ஐ (இல்லை) விலக்கும் பிளாக்லிஸ்ட் ஏற்கெனவே இயல்பாக இருப்பதால், "இரண்டும் சேர்த்துக் கொடுக்காதே" என்று கருவி நின்றுவிடும். பிளாக்லிஸ்டைக் காலியாக்கினால்தான் நகரும். மனிதன் ஒரு தடவை பட்டுக் கற்றுக்கொள்வான். ஏஐயோ ஒவ்வொரு புது உரையாடலிலும் முதலிலிருந்து படும்.

இதற்கு நல்ல தீர்வு ஃபிளாக்குகளை ஏஐ கண்ணிலேயே காட்டாமல் இருப்பதுதான். எந்தப் பதிப்பை நிறுவியிருக்கிறீர்கள் என்பதை ஆவணத்தில் எழுதி அதையே பூட்டிவையுங்கள், வெளியே தெரிவது நீங்கள் பெயர் வைத்த சில புலங்கள் மட்டும்: இலக்கு, வேர்ட்லிஸ்ட், கோப்பு நீட்டிப்புகள் (பிஎச்பி போன்றவை), வேகம், எந்த அனுமதியின் கீழ். கட்டளை வரியை ஒரே சரமாக வாங்குவதோ, "கூடுதல் ஃபிளாக்குகள்" என்று ஒரு திறந்த புலம் வைப்பதோ வேண்டவே வேண்டாம். நிறையப் பேர் வசதிக்காக அந்தத் திறந்த புலத்தை வைத்துவிடுகிறார்கள். அதன் வழியாக ப்ராக்ஸியை மாற்றலாம், வெளியீட்டை உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பின் மேல் எழுதலாம். அது இருக்கும்வரை ஆவணத்தில் வேறு எந்த எல்லையை எழுதினாலும் பலனில்லை.

வேர்ட்லிஸ்ட் புலத்தில் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அதை ஒரு கோப்புப் பாதையாக வாங்கினீர்கள் என்று வையுங்கள். கருவிக்கு அது வேர்ட்லிஸ்டா, உங்கள் பாஸ்வேர்ட் கோப்பா என்று தெரியாது. கொடுத்த கோப்பை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரியையும் இலக்கு சர்வருக்குக் கோரிக்கையாக அனுப்பும். அதாவது உங்கள் கணினியிலுள்ள எந்தக் கோப்பையும் வெளியே கடத்த அது ஒரு வழி. எதிராளி ஒரு பக்கத்தில் மறைத்து வைத்த வாக்கியம் ஏஐயை அப்படிச் செய்யச் சொல்லித் தூண்டினால் போதும். எனவே பாதை வேண்டாம், பெயர்ப் பட்டியல் கொடுங்கள்: சிறியது, நடுத்தரம், ஏபிஐ, மலாய். ஒவ்வொன்றிலும் எத்தனை சொல், எதற்கு உதவும், எதில் உதவாது என்று ஒரு வரி எழுதுங்கள்.

மலாய்ப் பட்டியல் எதற்கு என்று கேட்பீர்கள். செக்லிஸ்ட்ஸ் என்ற வேர்ட்லிஸ்ட் தொகுப்பில் பொதுவாக எல்லோரும் எடுப்பது ஆங்கிலச் சொற்கள் நிறைந்த பட்டியல்கள். நம் ஊரில் எழுதப்பட்ட உள் தளங்களில் போராங், லாப்போரான், முவாட்நாயிக், பெந்தாட்பிர், டாஃப்தார் என்றுதான் பாதைகள் இருக்கும், சில நேரம் இரண்டு மொழியும் கலந்து நடுவில் ஒரு கோடு போட்டு. ஆங்கிலப் பட்டியலை மட்டும் ஓட்டிவிட்டு "மறைந்த பக்கம் எதுவும் இல்லை" என்று ஏஐ அறிக்கை எழுதினால் அது பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லை. உங்கள் கம்பெனியின் பழைய தளங்களிலிருந்து பாதைப் பெயர்களைத் திரட்டி நீங்களே ஒரு பட்டியல் செய்யுங்கள், எந்தப் பெரிய பட்டியலையும் விட அது அதிகம் கண்டுபிடிக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து பற்றியும் ஒரு வரி: லினக்ஸ் சர்வரில் இரண்டும் வேறு வேறு பாதை, மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ்ஸில் ஒன்றுதான்.

அடுத்தது வேகம். ஆவணத்தில் மிகவும் கவனமாக எழுத வேண்டிய பகுதி இதுதான், ஏனென்றால் மூன்று கருவிகளில் மூன்று அர்த்தம். கோபஸ்டரில் டிலே என்பது ஒவ்வொரு த்ரெட்டும் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் இழை) தனித்தனியாகக் காத்திருக்கும் நேரம். இயல்பாக 10 த்ரெட்டுகள். ஒரு வினாடி டிலே போட்டால் வினாடிக்கு ஒரு கோரிக்கை என்று ஏஐ நினைக்கும், மனிதர்களும் நினைக்கிறார்கள், ஆனால் போவது கிட்டத்தட்ட பத்து. ஃபஃப்பில் ரேட் என்பது மொத்தமாக வினாடிக்கு எத்தனை என்பது. ஃபெராக்ஸ்பஸ்டரில் ரேட் லிமிட் ஒவ்வொரு டைரக்டரிக்கும் தனி. அது இயல்பாகவே நான்கு அடுக்கு உள்ளே போய்த் தேடும் கருவி, ஆகவே புதுப்புது டைரக்டரி அகப்பட அகப்பட மொத்த வேகம் ஏறிக்கொண்டே போகும். நாளைக்கு நீங்கள் கோபஸ்டரை எடுத்துவிட்டு ஃபெராக்ஸ்பஸ்டரை வைத்தால், அதே எண் அதே விளக்கத்தோடு சர்வரைப் படுக்க வைக்கும்.

அதனால் உங்கள் புலத்துக்கு "ஒரு இலக்குக்கு வினாடிக்கு மொத்தக் கோரிக்கைகள், அதிகபட்சம்" என்று அர்த்தம் வைத்து, த்ரெட்டையும் டிலேயையும் கணக்குப் போடும் வேலையை உங்கள் நிரலிடம் விடுங்கள். உச்ச வரம்பும் நிரலில்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, ஏஐக்கு நேரத்தைப் பற்றிய உணர்வு கிடையாது, எனவே எண்ணைக் கொண்டு சொல்லுங்கள். டர்ப் கருவியோடு வரும் காமன் பட்டியலில் 4,600 சொச்சம் சொற்கள். வினாடிக்குப் பத்து என்றால் எட்டு நிமிடத்துக்குள் முடியும். டர்பஸ்டரின் நடுத்தரப் பட்டியலில் ஏறக்குறைய 220,000 சொற்கள். அதோடு மூன்று நீட்டிப்புகள் சேர்த்தால், வெறும் சொல் ஒன்று, நீட்டிப்போடு மூன்று, ஆக நான்கு மடங்கு, 880,000 கோரிக்கைகள். அதே வேகத்தில் ஒரு முழு நாளுக்கும் மேல் ஓடும். நீட்டிப்பு கூட்டினால் பெருக்கல் நடக்கிறது என்ற இந்த ஒரு கணக்கை விளக்கத்தில் போட்ட பிறகு ஏஐ சும்மா சும்மா ஐந்து நீட்டிப்பு சேர்ப்பது குறைந்துவிடும். இல்லாவிட்டால் பிஎச்பி, ஏஎஸ்பி, ஜேஎஸ்பி எல்லாவற்றையும் அள்ளிப் போடும், தளம் ஜாவாவில் ஓடுகிறது என்று தெரிந்த பிறகும்.

இனி அனுமதி. விளக்கத்திலேயே எழுத வேண்டுமா என்று கேட்டீர்கள். எழுதுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். விளக்கத்தில் எழுதுவது வேண்டுகோள், அவ்வளவுதான். உரையாடல் நீண்டுபோனால் ஏஐ அதை மறக்கலாம், இலக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாக்கியம் அதைத் திசை திருப்பலாம். எந்த ஹோஸ்ட், எந்தப் போர்ட், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, யார் கையெழுத்துப் போட்டார் என்பது ஒரு தனிக் கோப்பில், ஏஐ கை வைக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் சர்வர் ஒவ்வொரு அழைப்பின்போதும் அதைப் பார்த்து, இல்லாததை மறுக்க வேண்டும். ஹோஸ்ட் பெயரை ஒப்பிடும்போது முழுப் பெயராக ஒப்பிடுங்கள். "கம்பெனி டாட் காம் டாட் மை என்று முடிகிறதா" என்று மட்டும் பார்த்தால், முன்னால் வேறு எழுத்துகளைச் சேர்த்துப் பதிவு செய்த வேறொருவனின் டொமைனும் உள்ளே வந்துவிடும். ரீடைரக்டைப் பின்தொடர்வதை அணைத்து வையுங்கள், அனுமதித்த தளம் அனுமதிக்காத தளத்துக்குத் தள்ளிவிடுவது தினசரி நடப்பது. பெயர் உங்களுடையதாக இருந்து, பின்னால் இருக்கும் சர்வர் வேறொரு நிறுவனத்தின் கிளவுட் சேவையாக இருக்கும் நிலையும் உண்டு. அவர்களுடைய விதிகளையும் யாராவது மனிதர் படித்திருக்க வேண்டும்.

மறுக்கும்போது வரும் பிழைச் செய்தியும் ஆவணம்தான், பலருக்கு இது உறைப்பதில்லை. விளக்கத்தை ஏஐ எப்போதோ தொடக்கத்தில் படித்திருக்கும், பிழைச் செய்தியையோ அந்த நிமிடத்தில் படிக்கிறது. வெறுமனே "தடை" என்று திருப்பினால் அது தளர்ந்துபோகாது, அதே சர்வரின் ஐபியைக் கொடுத்துப் பார்க்கும், முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்துப் பார்க்கும், போர்ட்டை மாற்றிப் பார்க்கும். அதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: "இந்த ஹோஸ்ட் தற்போதைய அனுமதியில் இல்லை. வேறு பெயரிலோ ஐபியிலோ முயல வேண்டாம். பயனரிடம் தெரிவித்துவிட்டு இந்த இலக்கைக் கைவிடவும்." இந்த மூன்று வாக்கியம் விளக்கத்தில் எழுதும் முப்பது வாக்கியத்துக்குச் சமம்.

மலேசியச் சட்டம் பற்றி மனிதர் படிக்கும் பக்கத்தில் ஒரு பத்தி கட்டாயம் போடுங்கள். 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம், அதாவது சட்டம் 563, அனுமதியில்லாமல் நுழைவதற்கே மூன்றாம் பிரிவில் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. "ஏஐ தானாகச் செய்தது" என்பது அங்கே பதிலாகாது, கருவியை ஓட விட்டது ஓர் ஆள்தான். இது போக 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 854, அந்த ஆண்டு ஆகஸ்ட் 26இல் நடப்புக்கு வந்தது. ஊடுருவல் சோதனையைச் சேவையாக வழங்க உரிமம் வேண்டும், இல்லாமல் வழங்கினால் 500,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது பத்து ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். நீங்கள் சொந்தக் கம்பெனியின் தளங்களை மட்டும் சோதிக்கிறீர்கள், அது வேறு கதை. நாளைக்கு விற்பனைப் பிரிவு "நம்மிடம் ஏஐ கருவி இருக்கிறதே, வாடிக்கையாளருக்கும் ஓட்டிக் கொடுக்கலாமே" என்று வரும். அன்றைக்கு இந்தப் பத்தி கைகொடுக்கும். முடிவை உங்கள் சட்டப் பிரிவு சொல்லட்டும்.

சரி, முடிவுகளுக்கு வருவோம். ஆவணத்தில் பாதி இடத்தை இதற்கே கொடுங்கள். ஓட்டுவது சுலபம், வந்ததைப் படிப்பதில்தான் ஏஐ தடுக்கி விழுகிறது. விழுவதும் இரண்டு பக்கமும்தான், ஏதாவது வந்தால் பெரிதாக்கும், எதுவும் வராவிட்டால் "பாதுகாப்பாக இருக்கிறது" என்று முடித்துவிடும்.

403ஐ, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாச்சி சர்வரின் வழக்கமான அமைப்பில், டாட் எச்டி என்று தொடங்கும் எந்தக் கோப்பைக் கேட்டாலும், அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், 403 வரும். காமன் பட்டியலில் அப்படித் தொடங்கும் பெயர்கள் மூன்று உண்டு, அதில் ஒன்றில் பாஸ்வேர்ட் என்ற வாசனை அடிக்கும் பெயர். ஆகவே அப்பாச்சியின் மேல் ஓட்டும் ஒவ்வொரு ஸ்கேனிலும் இவை வரும், விளக்கம் இல்லாத ஏஐ ஒவ்வொரு தடவையும் "பாஸ்வேர்ட் கோப்பு கண்டுபிடிக்கப்பட்டது, தீவிரம் அதிகம்" என்று எழுதும். நம் காண்டோ காவலாளி "மேலே போகக் கூடாது" என்று சொன்னால் நீங்கள் கேட்ட வீடு மேலே இருக்கிறது என்று ஆகிவிடுமா? வாஃப் (இணையச் செயலிகளுக்கான ஃபயர்வால்) இருக்கும் தளங்களிலும் இதே கதை, டாட் என்வி (ரகசிய அமைப்புகளை வைக்கும் கோப்பு) என்று கேட்ட மாத்திரத்தில் அது 403 வீசும், பின்னால் அப்படி ஒரு கோப்பே இருக்காது. "403 என்பது மறுப்பு மட்டுமே. அதே மாதிரியான, நிச்சயமாக இல்லாத ஒரு பெயருக்கும் 403 வருகிறதா என்று ஒப்பிட்ட பிறகே கண்டுபிடிப்பு என்று எழுதவும்" என்று அப்படியே எழுதிவிடுங்கள். ஒப்பிடும் வேலையை நிரலிலேயே செய்துவிட்டால் இன்னும் நல்லது.

301 வந்தால் எங்கே திருப்பியது என்று பார்க்க வேண்டும். அட்மின் என்று கேட்டு, கடைசியில் ஒரு சாய்கோடு மட்டும் சேர்ந்து திரும்பினால் அங்கே டைரக்டரி இருக்க நல்ல வாய்ப்பு. எல்லாவற்றையும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பினாலோ, லாகின் பக்கத்துக்குத் திருப்பினாலோ அதில் ஒன்றும் இல்லை. 401 வந்தால் அங்கே உள்நுழைவு கேட்கிறது. 405 வந்தால் பாதை இருக்கிறது, கெட் முறை ஏற்காது என்பதுதான் பெரும்பாலும், ஏபிஐகளில் இது நல்ல துப்பு, ஆனால் ஏஐ இதைப் பிழை என்று ஒதுக்கிவிடும். 500 வந்தால் நாம் அனுப்பிய ஏதோ ஒன்று அந்தப் பக்கத்தை உடைத்திருக்கிறது, அதைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டாம், மனிதரிடம் சொல்லச் சொல்லுங்கள். 429 (கோரிக்கைகள் அதிகம்) அல்லது திடீரென்று 503 (சேவை கிடைக்கவில்லை) வரத் தொடங்கினால் அதற்குப் பிறகு வந்த எதையும் நம்பக் கூடாது. உங்கள் சர்வரே நிறுத்திவிட வேண்டும், ஏஐயின் தீர்ப்புக்கு விட வேண்டாம்.

200தான் இவற்றில் பெரிய பொய்யன். ரியாக்ட், ஆங்குலர் மாதிரி ஒற்றைப் பக்கச் செயலிகள் என்ன கேட்டாலும் அதே தொடக்கப் பக்கத்தை 200 என்று கொடுக்கும். கோபஸ்டர் இதற்காகத் தொடக்கத்திலேயே இல்லாத ஒரு தாறுமாறான பெயரைக் கேட்டுப் பார்க்கிறது. அதற்கும் 200 வந்தால் பதிலின் நீளத்தையோ நிலைக் குறியீட்டையோ விலக்கச் சொல்லி நின்றுவிடுகிறது. ஏஐ அங்கே என்ன செய்யும் தெரியுமா, 200ஐயே விலக்கிவிட்டு மறுபடி ஓட்டும்; ஸ்கேன் அழகாக முடியும், உண்மையான பக்கங்களும் சேர்ந்து காணாமல் போயிருக்கும். நீளத்தை விலக்குவதுதான் வழி என்று சொல்லுங்கள். அதிலும் ஒரு சிக்கல், கேட்ட பாதையைப் பக்கத்துக்குள்ளேயே திருப்பி எழுதும் தளங்களில் நீளம் சொல்லுக்குச் சொல் மாறும். அந்த மாதிரி இடத்தில் சொல் எண்ணிக்கை, வரி எண்ணிக்கை கொண்டு வடிகட்டும் ஃபஃப் நல்லது என்பது என் கருத்து. இரண்டு கருவியையும் வைத்துக்கொண்டு, எப்போது எது என்று ஆவணத்தில் சொல்லலாம்.

பிறகு, எதுவும் வராத நிலை. ஒன்றுமே இல்லாததால் வரவில்லையா, ஃபயர்வால் விழுங்கிவிட்டதா, டைம்அவுட்டா, பட்டியல் பொருந்தவில்லையா? நான்கிலும் வெளியீடு ஒரே வெற்றுத்தாள்தான். எனவே உங்கள் சர்வர் திருப்பும் ஜேசனில் திட்டமிட்ட கோரிக்கைகள் எத்தனை, உண்மையில் பதில் வந்தவை எத்தனை, பிழைகள் எத்தனை, எதனால் நின்றது, எந்தப் பட்டியல் என்பது கட்டாயம் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே ஆவணத்தில் "பதில் வந்த எண்ணிக்கை திட்டமிட்டதைவிடக் குறைவாக இருந்தால், முடிவு முழுமையற்றது என்று எழுதவும், 'பாதுகாப்பானது' என்ற சொல்லை இந்தக் கருவியின் முடிவிலிருந்து ஒருபோதும் எழுத வேண்டாம்" என்று போடுங்கள். முழு வெளியீட்டையும் ஏஐயிடம் கொட்டாதீர்கள். கோப்பில் வைத்துக்கொண்டு, குறியீடு வாரியாகத் தொகுத்து, வழக்கத்துக்கு மாறானதை மட்டும் மேலே கொண்டுவாருங்கள். ஆயிரம் 403க்கு நடுவில் இருக்கும் ஒரு 200 அதன் கண்ணில் படாமலே போகலாம்.

ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன் (படிக்கும் தரவுக்குள் கட்டளையை மறைத்து ஏஐயைத் திசை திருப்புவது) பற்றிப் பயம் நிறைய, ஆனால் இந்தக் கருவியில் அது எங்கே நுழையும் என்று யோசித்து எழுதுகிறவர்கள் குறைவு. கோபஸ்டர் வெளியீட்டில் பாதை உங்கள் பட்டியலிலிருந்து வந்தது, குறியீடும் நீளமும் வெறும் எண்கள். எதிராளி தன் விருப்பம் போல எழுதக்கூடியது ரீடைரக்ட் முகவரி ஒன்றுதான். அதை வெட்டிச் சுருக்கி, தரவு என்று தெளிவாகக் குறித்த தனிப் புலத்தில் கொடுங்கள். அப்புறம் அதே ஏஐயிடம் பக்கத்தைத் திறந்து படிக்கும் இன்னொரு கருவியும் இருந்தால் கதை மாறிவிடும், அதற்குத் தனி ஆவணம், தனிக் கவலை.

குக்கீ (உள்நுழைந்ததைத் தளத்துக்கு அடையாளம் காட்டும் சிறு தரவு) விஷயம் சுருக்கமாக. உள்நுழைந்த நிலையில் ஓட்டும்போது லாக்அவுட் என்ற சொல் பட்டியலில் இருந்தால் நடுவிலேயே செஷன் போய்விடும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாகின் பக்கத்துக்கு ரீடைரக்ட். அதைவிட மோசம், கெட் கோரிக்கையிலேயே அழிக்கும் பழைய உள் தளங்கள். குறைந்த உரிமை உள்ள சோதனைக் கணக்கை மட்டும் பயன்படுத்துங்கள். குக்கீயை ஏஐ உரையாடலில் ஒட்டாமல் ஒரு பெயரில் சேமித்து, அந்தப் பெயரை மட்டும் புலமாகக் கொடுங்கள்.

நீண்ட ஸ்கேன்களை ஒரே அழைப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஏஐ பக்கம் டைம்அவுட் ஆகும், அது தோல்வி என்று நினைத்து மறுபடி கூப்பிடும், பின்னால் முதல் ஸ்கேன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், இப்போது இரண்டு, கொஞ்ச நேரத்தில் மூன்று. தொடங்கு, நிலை என்ன, நிறுத்து என்று மூன்று கருவிகளாகப் பிரித்து, அதே இலக்கு அதே பட்டியலுக்கு மறுபடி தொடங்கச் சொன்னால் ஓடிக்கொண்டிருக்கும் பணியின் எண்ணையே திருப்பும்படி செய்து, அதை விளக்கத்திலும் சொல்லிவிடுங்கள். நிறுத்தும் பொத்தான் மனிதர் கையிலும் தனியாக இருக்க வேண்டும், ஏஐ வழியாகப் போகாமல். பதிவேட்டில் யார் கேட்டார், எந்த அனுமதி, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை நம் நேரத்திலும் யுடிசியிலும் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள். பல சர்வர்களின் லாக் யுடிசியில்தான் இருக்கும், எட்டு மணி நேர வித்தியாசத்தில் கண்காணிப்புக் குழுவோடு வாக்குவாதம் செய்வது அலுப்பான வேலை. கோரிக்கையோடு போகும் யூசர் ஏஜென்ட் என்ற அடையாள வரியில் உங்கள் குழுவின் பெயரைப் போட்டுவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

நீளம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், ஏஐ படிக்கும் விளக்கம் ஒரு திரைக்குள் அடங்கட்டும், மேலே சொன்ன குறியீட்டு விளக்கங்களை முடிவோடு சேர்த்து, தேவையான இடத்தில் மட்டும் அனுப்புங்கள். 403 வந்த ஸ்கேனுக்கு 403 குறிப்பு. எல்லாவற்றையும் முன்கூட்டியே ஓதினால் ஒவ்வொரு உரையாடலிலும் அது இடத்தைத் தின்னும். மனிதர் படிக்கும் பக்கம் தனி, அது எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம்.

எழுதி முடித்ததும் சக ஊழியரிடம் காட்டுவதோடு விடாமல், ஆய்வகத்தில் ஏஐயையே படிக்க வைத்துப் பாருங்கள். பயிற்சிக்காக வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த ஓவாஸ்ப் ஜூஸ் ஷாப்பை 3000 போர்ட்டில் ஓட விடுங்கள், இல்லாத பாதைக்கும் 200 தரும் செயலி அது, எஃப்டிபி என்ற பெயரில் ஒரு டைரக்டரி உண்மையாகவே திறந்து கிடக்கும். உங்கள் விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏஐ அதைக் கண்டுபிடிக்கிறதா, அல்லது 200ஐ விலக்கிவிட்டுக் கைவிரிக்கிறதா பாருங்கள். அடுத்து அதேபோன்ற பயிற்சிக் கணினியான மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2, அதில் அப்பாச்சி, ஆகவே டாட் எச்டி 403 மூன்றும் வரும், பிஎச்பிமைஅட்மின் பாதையில் எம்மும் ஏயும் பெரிய எழுத்து. அதையும் அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள், மறுப்பு வந்த பிறகு அடுத்த அழைப்பு என்னவாக இருக்கிறது என்று லாக்கில் பாருங்கள். தவறாக நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாக்கியத்தைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஏஐ மாடலை மாற்றினாலோ கோபஸ்டர் பதிப்பை மாற்றினாலோ இந்தச் சோதனைகளை முதலிலிருந்து.